நீளக் கை ஜீப்பும் என் மனைவியின் தூக்கமும்

என் மனைவி வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவாள். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. கண்டியில் பஸ் புறப்பட்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்திருக்கும். புதுப் பொண்டாட்டியோடு நாலு வார்த்தை பேசலாம் என்று ஆசையாக வந்தவனுக்கு ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. எழுப்பிக் கேட்டால், "நான் எங்க தூங்கினேன்? சும்மா கண்ண மூடிட்டு இருந்தேன்" என்பாள். வாய் ஓரத்தில் எச்சில் காய்ந்திருக்கும், ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அப்படிப்பட்டவள் நான் வாங்கிய ஜீப்பில் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை.

கண்டி டவுனில் எனக்குப் பெயின்ட் கடை. வீடு அம்பிட்டியவில், ஏற்றத்தில். கடையும் வீடுமாகக் கிடந்தவனுக்கு நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு கிறுக்குப் பிடித்தது. லீவு நாளில் காடு மேடு சுற்றுகிற ஒருவர் தன் பழைய ஜீப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பார்த்த மாத்திரத்தில் விழுந்துவிட்டேன். பெரிய பெரிய சக்கரங்கள். அந்தச் சக்கரங்கள் உரசாமல் இருக்க வண்டியின் உடம்பை நாலு அங்குலம் மேலே தூக்கியிருந்தார். ஏறி உட்கார்ந்தால் தலதா வீதி நெரிசலில் மற்றவர்களின் கூரை தெரிந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல ஏற ஏணியும் சேத்துக் குடுத்தாங்களா?"

அவளுக்கு மாநகரசபையில் கிளார்க் வேலை. நாள் முழுக்க ஆட்களோடு மல்லுக்கட்டிப் பழகிய வாய்.

ஜீப் வாங்கியதற்கு நான் வீட்டில் சொன்ன நியாயம் மடுல்கெல்ல. மனைவியின் அக்கா அங்கே தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். தொழிற்சாலையைத் தாண்டி மேலே, கல்லும் குழியுமான பாதையின் முடிவில் வீடும் மரக்கறித் தோட்டமும். பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவுக்கு அங்கே போய் மத்தியானம் சாப்பிட்டுப் பொழுது சாய வருவது எங்கள் வழக்கம். பஸ்ஸில் போனால் கடைசித் தூரத்தை நடந்துதான் ஏற வேண்டும். ஜீப் இருந்தால் வாசல் வரை போகலாமே என்றேன். வாசல் வரைக்கும் போகத்தான் செய்தது. ஆனால் போய் இறங்கியபோது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு முன்பே இருந்த இடுப்பு வலி அந்தப் பயணங்களில் கூடிப்போனது. டொக்டர் பெல்ட் கட்டச் சொன்னார், குலுங்காமல் இருக்கச் சொன்னார். அடுத்த போயாவுக்கு அவள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஹேன்ட்பேக்கை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

"அப்ப நான்?"

"நீங்க ஒங்க ஜீப்புல வாங்க. யாரு வேணாம்னா?"

எனக்கும் ரோஷம் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். பஸ் நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன். மடவளையில் நின்றேன், வத்தேகமவில் நின்றேன், பன்விலையில் நின்றேன். முன் சீட்டில் அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருப்பது வளைவுகளில் தெரிந்தது. அந்த லொடலொடா பஸ்ஸில் தூங்குகிறாள், என் ஜீப்பில் தூங்கவில்லை! எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. பின்னால் அவளே அக்காவிடம் சொல்லிச் சிரித்தது இன்னும் மோசம். பஸ் கொன்டக்டர் அவளிடம், "யாரு மிஸ் அந்த ஜீப்பு? கட்டுகஸ்தோட்டையில இருந்து நம்ம பின்னாலயே வருது" என்று கேட்டானாம். "தெரியல தம்பி, யாரோ கிறுக்கன்" என்றாளாம்.

ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரே வீட்டுக்குப் போகிற புருஷனும் பொண்டாட்டியும் இரண்டு வண்டியில் போவதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத் திரும்பி வந்ததும் மனைவி தீர்ப்பைச் சொன்னாள். அவளுடைய ஆபீஸில் ஒருத்தர் ஜீப் தேடுகிறாராம், கேட்ட விலையைக் கொடுப்பாராம்.

"ஒண்ணு இதை மனுசங்க போற வண்டியா மாத்துங்க. இல்லன்னா அவருக்குக் குடுத்திருங்க. மாத்தினா ஒரே ஒரு தடவை ஏறிப் பாக்குறேன். அக்கா வீட்டுல போய் எறங்குறப்ப இடுப்பு வலிச்சா, அடுத்த நாளே அவர்கிட்ட பேசிருவேன்."

விற்க எனக்கு மனமில்லை. அதைவிட, அவள் பஸ்ஸிலும் நான் ஜீப்பிலுமாகப் போவதில் கொஞ்சமும் மனமில்லை.

மடவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜ் இருக்கிறது. பள்ளிவாசலுக்குப் போகிற ஒழுங்கையில், பஸ் ரோட்டைப் பார்த்தாற்போல. நானா ஜீப் பைத்தியம், என்னைவிட முற்றிய பைத்தியம். மனைவியின் இடுப்பு வலியைச் சொன்னேன். வண்டியை மேலே தூக்கிவைத்து இரண்டு பேரும் கீழே புகுந்தோம்.

"இங்க பாருங்கொ மொதலாளி," என்று அவர் சக்கர அச்சையும் வண்டியின் அடிச்சட்டமான செசியையும் இணைக்கிற இரும்புக் கையைத் தட்டினார். "இது கம்பனி போட்ட கை. கட்டையானது. வண்டி அதுட உயரத்துல ஈக்கக்குள்ள இது படுத்த மாதிரி நேரா ஈக்கும். மேல தூக்கின பொறகு எப்பிடி சரிஞ்சு தொங்குது பாருங்கொ. ரோட்டுல கல்லு தட்டினா சக்கரம் மேல போற இல்ல, வண்டிட பொடிய பின்னால தள்ளுது. அந்தத் தள்ளுதான் மிஸ்ஸுட இடுப்புல விழுது."

எனக்கு விளங்கியது. கதவைச் சரிவாகப் பிடித்துத் தள்ளினால் திறக்காமல் முட்டுமே, அதுதான் கதை.

வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிடலாமா என்றேன். இறக்கலாம், ஆனால் அந்தச் சக்கரங்கள் மட்கார்டில் உரசும், சக்கரத்தையும் சின்னதாக்க வேண்டும், சின்னச் சக்கரத்தோடு அந்தத் தோட்டப் பாதையின் நடுக் கல்மேடு அச்சின் வயிற்றில் இடிக்கும். மலிவாக ஒரு வழி உண்டு, கையின் ஒரு முனையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிக்க ஒரு துண்டு இரும்பு போடுவது. சரிவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சரியான வழி, கட்டைக் கையைக் கழற்றி வீசிவிட்டு நீளக் கை போடுவது. செசியில் வெகுதூரம் பின்னால் போய்ப் பூட்டுகிற கை. நீளமாக இருப்பதால் தூக்கிய உயரத்திலும் சரிவு குறைவு, சக்கரம் மேலும் கீழுமாக ஒழுங்காகப் போகும். செலவும் வெல்டிங் வேலையும் அதிகம்.

நான் பல நாள் போனில் வீடியோ பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்காரன்கள் பாறைமேல் ஏறுகிற வீடியோ. ஒருத்தனாவது பக்கத்தில் பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகவில்லை. கடையில் பெயின்ட் கேட்டு வந்தவர்களைக் காக்கவைத்துப் பார்த்தேன். வீட்டில் சாப்பிடும்போதும் பார்த்தேன். "அந்தக் கையைவிட எங் கையால ரெண்டு வெச்சா சரியாப் போகும்" என்றாள் மனைவி.

கடைசியில் நீளக் கை என்றே முடிவு செய்தோம். கையின் முனைகளுக்கு இரும்பு மூட்டா, ரப்பர் புஷ்ஷா என்று நானாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. இரும்பு மூட்டு நன்றாக வளையும், காட்டில் நல்லது என்று அவர் நின்றார். இரும்பு என்றால் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வந்து சேதி சொல்லும், ரப்பர்தான் வேண்டும் என்று நான் நின்றேன்.

"ஒங்களுக்கு வண்டி எப்பிடி ஓடோணும்? அத மட்டும் சொல்லுங்கொ" என்று கேட்டார் நானா, கோபத்தில்.

"என் பொண்டாட்டி தூங்கணும் நானா."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லி ஈந்தா இவ்வளவு பேச்சு ஏன்? ரப்பர்தான் போடோணும்."

பிறகுதான் ஸ்பிரிங் விஷயம் வந்தது. மெல்லியதும் இருக்கிறது, கனத்ததும் இருக்கிறது, எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்டார். நான் யோசிக்கவேயில்லை. அக்கா வீட்டிலிருந்து நாங்கள் வெறும் கையோடு வந்த சரித்திரம் கிடையாது. கோவா, லீக்ஸ், போஞ்சி என்று மரக்கறி மூட்டைகள், பூசணி, பலாக்காய், வாழைக்குலை, மனைவியின் ரோசாச் செடிகளுக்கு மாட்டெரு ஒரு மூட்டை. பின் இருக்கைகளை மடக்கி, கூரை முட்ட அடுக்கித்தான் விடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் அக்கா முகம் வாடிவிடும். இதையெல்லாம் சொன்னேன். "அப்ப கனத்த ஸ்பிரிங்தான்" என்றார் நானா. ஆமாம் என்றேன் நானும். எங்கள் இரண்டு பேருக்கும் அது மிகச் சரியான கணக்காகப் பட்டது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது நானாவே கேட்டார், "எலுமிச்சங்கா வெக்கல்லையா மொதலாளி? ஒங்கட வழக்கம் அதுதானே." பக்கத்துக் கடையில் வாங்கி நாலு சக்கரத்தின் கீழும் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன். நானா தன் பங்குக்கு பிஸ்மில்லாஹ் சொல்லி போனெட்டைத் தட்டினார். எந்தப் பக்கத்து உதவியையும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

போயா வந்தது. மனைவி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, டவுன் பேக்கரியில் வாங்கிய கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடது பக்க இருக்கையில் ஏறினாள். பன்விலை வரை தார் ரோடு. ஜீப் அவ்வளவு அழகாகப் போனது. பழைய தள்ளல் போய்விட்டது. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், ஒரு தடவை கொட்டாவிகூட விட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

தொழிற்சாலையைத் தாண்டித் தோட்டப் பாதையில் ஏறியதும் பின்பக்கம் குதிக்க ஆரம்பித்தது. முன்னும் பின்னும் தள்ளவில்லை, சத்தியமாகத் தள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளியது. அவள் கேக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் நத்தையாக ஊர்ந்தேன். அப்படியும் துள்ளியது. வாசலில் இறங்கியதும் அவள் கை இடுப்புக்குப் போனது.

"எப்பிடி?" என்றேன்.

"பரவால்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மனைவி பரவாயில்லை என்றால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அக்கா வைத்த கோழிக்குழம்பு எனக்கு இறங்கவில்லை. அத்தனை நாள் ஜீப்புக்குக் கீழே கிடந்ததெல்லாம் வீணா என்று நினைக்க அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வெளியே போய் ஜீப்பின் போனெட்டில் சாய்ந்து நின்றேன். நாளைக்கு அந்த ஆபீஸ்காரர் இதில் ஏறி உட்கார்ந்து ஹோர்ன் அடித்துப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய வழக்கம்போல அக்கா மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்தார். நான் தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. கோவா வந்தது, லீக்ஸ் வந்தது, பூசணி வந்தது, மாட்டெரு வந்தது. "என்ன தம்பி பேசாம நிக்கிறீங்க? இந்தப் பலாக்காய ஒரு கை பிடிங்க" என்றார். பிடித்தேன். ஜீப் பின்பக்கம் மெல்ல உட்கார்ந்தது. கீழே போகப் புறப்பட்டோம்.

எனக்கு மனசு சரியில்லாததால் வாய் ஓயவில்லை. ரோட்டைத் திட்டினேன், தோட்டத்து நிர்வாகத்தைத் திட்டினேன், கனத்த ஸ்பிரிங்கைத் திட்டினேன். "நீயே சொல்லு, இவ்வளவு செலவழிச்சு யாராவது இப்பிடி..." என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் இல்லை. கோபமாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன்.

தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கைப்பிடியில் கை இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தார் ரோட்டில் அல்ல. மேலே வரும்போது அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்த அதே கல் பாதையில். நான் பேச்சை நிறுத்தினேன். அதுவரை வண்டி துள்ளவேயில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கனத்த ஸ்பிரிங்குக்கு வேண்டிய பாரம் பின்னால் ஏறியிருந்தது. பூசணியும் மாட்டெருவும் சேர்ந்து என் ஜீப்பை மனுசங்கள் போகிற வண்டியாக ஆக்கியிருந்தன. ரேடியோவைப் போடவில்லை. பன்விலை போனது, வத்தேகம போனது, அவள் அசையவில்லை.

மடவளையில் நானா கராஜ் வாசலில் நின்றார். நிறுத்தினேன். அவர் இடது பக்க ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் வந்து கிசுகிசுத்தார்.

"மாஷா அல்லாஹ். தூங்குறாங்களே!"

"இப்பத்தான் தூங்குறா. மேல போறப்ப துள்ளி எடுத்திருச்சு நானா."

அவர் பின்னால் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நானும் கேட்டது எவ்வளவு ஏத்துவீங்கன்னு. நீங்க சொன்னது வரக்குள்ள ஏத்துறத. போகக்குள்ள என்ன ஏத்துறீங்க?"

நான் யோசித்தேன். "ஒரு கேக் பெட்டி."

இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். மெல்லிய ஸ்பிரிங் எடுப்பிக்கலாம், ஆனால் வர நாளாகும் என்றார். அதற்குள் இடது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"யாரு தூங்குறா? எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

கேட்டிருக்கத்தான் வேண்டும். ஏனென்றால் வீட்டில் மூட்டைகளை இறக்கி, சமையலறை முழுக்கப் பரப்பி வைத்த பிறகு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வருஷமா அக்கா இவ்வளவு தந்து விடுறா. நம்ம ஒரு கேக் பெட்டியத் தூக்கிட்டுப் போறோம். டவுன்ல இருக்கிறவங்கன்னு பேரு. வெக்கமா இல்ல?"

இந்தக் கேள்வி எனக்கா, அவளுக்கா என்று தெரியவில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

"ஆபீஸ்காரர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போற வழி வலிச்சிச்சு. வாற வழி வலிக்கல. இன்னொரு போயா பாப்போம். போறப்பவும் பாரத்த ஏத்துங்க."

ஏற்றினேன். அரிசி மூட்டை, கோதுமை மா மூட்டை, தேங்காய், பருப்பு, சீனி, பெரிய வெங்காயம், கருவாடு. பாடசாலைக் கதவுகளுக்கு வேண்டும் என்று அக்கா எப்போதோ சொன்ன பச்சை பெயின்ட் வாளிகள் என் கடையிலிருந்து. ஜீப் பின்பக்கம் மெல்ல உட்கார்ந்தது. மனைவி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, மடியில் ஒன்றும் இல்லாமல், இடது பக்கம் ஏறினாள். "தூங்கினாத்தான் நல்ல வண்டின்னு நெனச்சிட்டு என் மூஞ்சியவே பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க" என்று சொன்னாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் தலை சாய்ந்தது.

தோட்டப் பாதையில் நான் ஒவ்வொரு கல்லையும் கும்பிட்டுக் கும்பிட்டு ஏறினேன். அவள் எழும்பவில்லை. அக்கா வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் எழும்பவில்லை. அக்கா வெளியே வந்து, ஜன்னலில் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் போய்க் கதவைத் திறந்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"என்ன தம்பி இது, கடைவீதியவே தூக்கிட்டு வந்திட்டீங்களா?" அரிசி மூட்டையைத் தடவிப் பார்த்தார். "யாரு இதெல்லாம் கேட்டா?"

"ஒங்க தங்கச்சி இடுப்புக்காக அக்கா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பிறகு சொல்கிறேன் என்று சைகை காட்டினேன். இரண்டு பேரும் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக இறக்கினோம். மூட்டைகள் இறங்க இறங்க ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. கடைசிப் பெயின்ட் வாளியை எடுத்தபோது வண்டி ஒரு ஆட்டம் ஆடியது, அவள் கண்ணைத் திறந்தாள்.

"வந்தாச்சா?"

"வந்து எவ்வளவு நேரம்! எல்லாம் எறக்கியாச்சு. நல்லாத் தூங்கினே" என்றேன்.

"நான் எங்க தூங்கினேன்?" என்றபடி கதவைத் திறந்து இறங்கினாள். அவள் கை எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடுப்புக்குப் போகவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு அக்காவின் தோளைப் பிடித்தாள்.

"ஒங்க ஆபீஸ்ல யாரோ ஜீப்பக் கேக்குறார்னு சொன்னியே?" என்றார் அக்கா.

"அவரு வேற பாத்துக்குவாரு. எனக்கு வண்டி வேணும்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.